பாம்பில்லாத ஊரில் கீரி மேய்க்கிறேன்

விலங்குப் பூங்கா வேலையில் விலங்குகளால் வரும் தொல்லை கால்வாசிதான். மீதி டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே வரும். தினமும் பொதுமக்களோடு மாரடிக்கும் அன்பர்களே, உங்களுக்குப் புரியும். ஆக்லாந்தில் ஒரு சின்னப் பூங்காவில் மீர்கேட்களைக் கவனிப்பது என் வேலை. மீர்கேட் என்றால் ஆப்பிரிக்காவில் வளை தோண்டி வாழும் ஒரு கீரி வகை.

சண்டை எப்போது?

பிளாட் புஷ் என்ற புறநகரிலிருந்து வந்த மதுரைக்காரர் ஒருவர் அரை மணி நேரம் வேலியை விட்டு நகரவில்லை. கீரி இருந்தால் பாம்பும் இருக்க வேண்டுமாம். இந்த நாட்டில் பூங்காவில்கூடப் பாம்பு வைக்க அனுமதி இல்லை என்றேன். ஊரில் சண்டை விடுவதாகச் சொல்லியே தாயத்து விற்ற வித்தைக்காரன் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டான்.

"அவனாச்சும் கூடையில ஒரு பாம்பை வச்சிருந்தாம்மா."

எட்டுதான் வந்தது

தினமும் காலையில் புழுவைக் காட்டி எண்ணுவோம். ஒன்பது வர வேண்டும். பெருமழைக்கு மறுநாள் எட்டுதான் வந்தது; சினையாக இருந்த கூட்டத் தலைவி ராணியைக் காணோம். முந்தைய நாள் மாலை, மழையில் இடிந்த ஒரு வளையை, பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று மண்வெட்டியால் மண் போட்டு மிதித்து மூடியவள் நான்தான். தோண்டினால் மிச்ச வளையும் சரியும். வேலி பார்க்கும் மன்னார்க்காரர் அன்ரன் அண்ணனிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"நீர் மூடினது ஒரு வாசலைத்தானே பிள்ளை, அதுக்கு எத்தனை வாசல் எண்டு உமக்குத் தெரியுமோ?"

ஆறுதல்

இரண்டாம் நாள் மணலில் காது வைத்துப் படுத்திருந்தேன். வேலிக்கு வெளியே நின்ற ஒரு சென்னை இளைஞர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இது அழிந்துவரும் இனமா என்று விசாரித்தார். இல்லை, ஆப்பிரிக்காவில் நிறைய இருக்கிறது என்றேன். அவர் முகம் தெளிந்தது.

"அப்ப ஒண்ணு போனாலும் பரவாயில்ல, இல்லங்க?"

மறுபடியும் எட்டு

மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகைக்குக் கீழே, நான் கண்டிராத ஒரு வாசல் வழியாக ராணி வந்தாள். மூக்கெல்லாம் மண், வயிறு ஒட்டியிருந்தது. குட்டி போட்டுவிட்டாள்! ஆனாலும் எண்ணிக்கை எட்டுதான். குட்டிகளுக்குக் காவலாக இன்னொன்று உள்ளே தங்கிவிட்டது. எனக்கு உயிர் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணன் வந்து என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"இனி இது என்னட்டையே இருக்கட்டும்."

இப்போதெல்லாம் எதையாவது ஒழுங்குபடுத்தியே தீர வேண்டும் என்று கை துறுதுறுத்தால், என் வீட்டு அலமாரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.