இரண்டடி தள்ளி

1994 ஆகஸ்ட் 9, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, செய்தித்தாள் படித்து, பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவப் பாடல் கேசட் தயாரிப்பவர் அந்த வீட்டுக்காரர். ஒல்லியான மனிதர், சாப்பிடும்போதும் கழுத்தில் ஹெட்போன் கிடக்கும்.

தன் மனைவி பாடவேண்டிய பாட்டை மெட்ராஸ் பாடகிக்குக் கொடுத்துவிட்டார். மூன்று நாளாக இருவருக்கும் பேச்சில்லை. அன்று வீட்டிலேயே நடந்த ஒலிப்பதிவில் மனைவியும் இரண்டு மகள்களும் கோரஸ் பாடவேண்டும். தூது சொல்ல என்னை அழைத்திருந்தார்.

இருந்தது ஒரே மைக். யாருடைய குரலாவது தூக்கலாகக் கேட்டால் அவரைத் தள்ளி நிறுத்துவதுதான் வழி.

"அண்ணாச்சி, அவள ரெண்டடி பின்னால நிக்கச் சொல்லுங்க."

"எனக்குக் காது கேக்கத்தான் செய்யுது, அண்ணாச்சி" என்று அந்த அம்மாள் நகர்ந்தார்.

ஐந்து முறை இப்படியே நடந்தது. கடைசியில் அந்த அம்மாள் அடுக்களை வாசலில் நின்றார்.

"இனி தள்ளுனா தெருவுலதான் நிக்கணும்னு சொல்லுங்க."

அப்போதும் அந்தக் குரல்தான் முன்னால் வந்தது. அவர் எரிச்சலோடு ஹெட்போனைக் கழற்றினார்.

"நல்லாப் பாடுதாங்கன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா வே?" என்று தணிந்த குரலில் கேட்டேன்.

"சொன்னா இன்னும் சத்தமால்லா பாடுவா" என்றார்.

அவர் கேலி செய்தாரா, பயந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளிடம், "நேத்து ரொம்ப நல்லாப் பாடுனீங்கம்மா" என்றேன்.

துடைப்பத்தை நிறுத்தி, "அவரு சொல்லச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, நானாத்தான் சொல்லுதேன்" என்றேன்.

அந்த அம்மாள் மறுபடி பெருக்கத் தொடங்கினார்.