ஹெப்பகோடி பரமசிவத்தின் கேள்வி

அம்மா இறந்த பிறகு அப்பா என்னோடு இருந்ததைவிட மோடத்தோடு இருந்ததுதான் அதிகம். ஆறு மணிக்கு வேலையிலிருந்து எங்கள் அடுகோடி வீட்டுக்கு வருவார், காபி போட்டுக் குடிப்பார், டெலிபோன் ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் செருகுவார். மோடம் கீச்சிட்டு ஓய்ந்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும். நியூஸ்குரூப் என்று பெயர். எங்கெங்கோ இருக்கும் தமிழர்கள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதிப் பேசிக்கொள்ளும் இடம். "உங்க வீட்டு போன் எப்பப் பாத்தாலும் எங்கேஜு" என்று பெரியம்மா அத்திபெலேயிலிருந்து நேரில் வந்து குறைபட்டுக்கொண்டாள்.

வீட்டில் வாயில் கொழுக்கட்டை அடைத்ததுபோல் இருந்தவர், அங்கே முன்பின் தெரியாதவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினார். டொராண்டோவில் ஒருவருக்கு ரசம் கொதிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். சுவீடனில் யாருக்கோ ஆறுதல் சொன்னார். நான் பின்னால் நின்று படிப்பேன். பத்து வயதில் எனக்கு அந்தச் சுவீடன்காரர்மேல் பொறாமை.

பள்ளி விட்டு வந்தால் அவர் வரும்வரை வீட்டில் நான் மட்டும்தான். ஒருநாள் நானே ஒயரைச் செருகினேன். பாஸ்வேர்டை அவர் விரல்களைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தேன். அம்மாவின் பெயர். வாயால் சொல்லாத பெயரைத் தினமும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஒரு கற்பனைப் பெயரில் எழுதினேன்: "என் நண்பருக்கு மனைவி இல்லை. மகளோடு பேசுவதே இல்லை. அந்தப் பெண் என்ன செய்ய வேண்டும்? இப்படிக்கு, பரமசிவம், வயது நாற்பது, ஹெப்பகோடி." பெரியவர்கள் வயதைப் போட்டுக் கையெழுத்திட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அன்று மாலை, "பின்னாடி நிக்காத, போய்ப் படி" என்றார் அப்பா. வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளி விட்டதும் ஓடிவந்து பார்த்தேன். "நண்பர்னு சொல்றதெல்லாம் சும்மா, உங்க கதைதானே சார்?" என்று சிங்கப்பூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார். சரியான அசடு என்று நினைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே அப்பாவின் பதில் இருந்தது. "அந்த மனிதருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணையே முதலில் எதையாவது கேட்கச் சொல்லுங்கள். அவர் காத்துக்கொண்டிருப்பார்."

அப்பாவையே ஏமாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. அன்று ஆறு மணிக்கு அவர் ஒயரைப் பிடுங்கவில்லை. காபியோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் கேட்டேன்.

"அம்மா இருந்தப்பவும் நீங்க இப்படித்தான் பேசாம இருந்தீங்களாப்பா?"

"அவ எங்க என்னைப் பேச விட்டாம்மா?" என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபி ஆறிப்போகும்வரை அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

வளர்ந்து வேலைக்குப் போய், எனக்கென்று ஒரு மின்னஞ்சல் கிடைத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. கீழே யார் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாலும், மேலே கணக்கு வைத்திருப்பவரின் பெயர் தானாக வந்து நிற்கும்; அந்த வரியை நான் அப்போது படித்ததே இல்லை. ஹெப்பகோடி பரமசிவத்தை ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அத்தனை பேரும் பார்த்தது, மகளோடு பேசத் தெரியாத என் அப்பாவைத்தான். அந்தக் கேள்வியை நீக்கிவிட அவருக்குத் தெரியும். வேறு யாரோ எழுதியது என்று சிங்கப்பூர்க்காரரிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவர் எதையும் செய்யவில்லை. எல்லோரும் பார்க்க, தன் பெயருக்குக் கீழேயே எனக்குப் பதில் எழுதியிருக்கிறார்.