நாடியில் ஒரு தழும்பு

நல்லூரில் என் வேலை, கணினித் திரையில் மனித உருவங்களுக்குத் தோல் தீட்டுவது. நேற்று ஒரு பெண் முகம். மயிர்த்துளை, மெல்லிய சுருக்கம் எல்லாம் தீட்டியும் பொம்மை போலவே இருந்தது. உதட்டுக்குக் கீழே, நாடியில் ஒரு தழும்பைத் தீட்டியதும் மாமி நினைவுக்கு வந்தார்.

மாமி அப்பாவின் தங்கை. எனக்கு ஏழு வயதில், அவர் ஓட்டிய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து நான் ஆடியதில் இருவரும் விழுந்தோம். மாமியின் நாடி கிழிந்தது.

பிறகு கலியாணப் பேச்சு வந்தது. ஸ்டூடியோக்காரர் படத்தில் தழும்பை அழித்திருந்தார். அம்மாவுக்கு மகிழ்ச்சி. மாமியோ படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“உது நானில்லை. தழும்போடை தாங்கோ.”

தழும்புள்ள படம்தான் புத்தூருக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. என்னால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று நான் சாப்பிடாமல் அழுதேன்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை முதலில் அதைத்தான் கேட்டார்.

“நாடியிலை என்ன காயம்?”

கதவுக்குப் பின்னால் நின்ற என்னை மாமி முன்னால் இழுத்து விட்டார்.

“இவதான் என்னை விழுத்தினவ.”

அவர் மாமியைப் பார்த்துச் சிரித்தார். “அப்ப இனி இவவை நாங்கள் சைக்கிளிலை ஏத்தக்கூடாது.”

அந்த ‘நாங்கள்’ யார் யார் என்று எனக்கு விளங்கவில்லை. மாமிக்கு விளங்கிவிட்டது. தழும்பு மட்டும் வெளிறி நிற்க, முகம் முழுவதும் சிவந்துபோனார்.