வெந்நீரில் போட்ட பிரஷ்

பல் தேய்த்து முடித்ததும் அம்மா பிரஷ்ஷைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, கட்டைவிரலால் அதன் நார்களை முன்னும் பின்னும் நீவிவிடுவாள். பிறகு தொட்டி விளிம்பில் மூன்று தட்டு. டக், டக், டக். மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பொழுது விடிந்தது அந்தச் சத்தத்தில்தான்.

வீடு என்றால் ஒரே ஒரு அறை, ஒரு சமையல் மூலை, பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு குளியலறை. அந்தக் குளியலறைக்குள் பிரஷ் வைக்க அம்மா யாரையும் விட்டதில்லை. சமையல் மூலை ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதன் மூடியில் ஆணியைச் சுட வைத்து நான்கு ஓட்டை போட்டிருந்தாள். அப்பா, அம்மா, மகள், தம்பி என்று நான்கு பிரஷ்களும் ஒன்றோடொன்று உரசாமல், தலை நிமிர்ந்து காற்று வாங்கும். அப்பா ஒருமுறை மூடி போட்ட பிரஷ் வாங்கி வந்தார். அம்மா மூடியைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். "மூடி வச்சா உள்ள புழுங்கும். புழுங்கினா கிருமிக்குக் கொண்டாட்டம்."

"இந்த வீட்ல பிரஷ்ஷுக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல" என்றார் அப்பா.

"நீங்களும் தினம் ஒழுங்கா தேய்ச்சுக் குளிங்க, உங்களையும் ஜன்னல்ல நிக்க வைக்கறேன்."

யாருக்காவது காய்ச்சல் வந்து போனால் அவர்களுடைய பிரஷ்ஷுக்கு அன்றே ஆயுள் முடிந்தது. நார் சாய்ந்த பிரஷ்ஷை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டாள். மற்ற எல்லாவற்றிலும் இழுத்துப் பிடித்துச் செலவு செய்கிறவள், இதில் மட்டும் தாராளம்.

இதையெல்லாம் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது அவள் பார்த்த வேலை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், ஆபரேஷன் முடிந்து வரும் கத்தரி, இடுக்கி, தட்டுகளைக் கழுவி, கிருமி கொல்லும் ஆவிப் பெட்டிக்குள் அனுப்பும் அறையில் இருபத்திரண்டு வருஷம் நின்றாள். அறையின் நடுவே தரையில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். அம்மாவின் இடம் இந்தப் பக்கம். எது வந்தாலும் முதலில் தேய்ப்பு, அப்புறம் சூடு. சூட்டைத் தாங்காத பொருள் எதுவும் அவள் மேசைக்கு வந்ததே இல்லை.

அந்த அறையின் சம்பளத்தில்தான் மகள் பட்டம் வாங்கினாள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அதற்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. படிப்பு முடிந்த கையோடு காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. ஆஸ்பத்திரி நகரத்தின் இந்தக் கோடி, அலுவலகம் அந்தக் கோடி. அதனால் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு வீடு எடுத்துத் தங்கினாள். ஒருத்தி தண்ணீர் பிடிப்பதிலிருந்து விளக்கணைப்பது வரை எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவாள். சட்டாம்பிள்ளை என்று அவளுக்குப் பேர். இன்னொருத்தி வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவாள்.

வந்த முதல் நாளே சட்டாம்பிள்ளை கேட்டாள்: "உங்கம்மா என்ன பண்றாங்க?"

"ஹாஸ்பிட்டல்ல இருக்காங்க."

"ஓ, நர்ஸா?"

மகள் ஆமாம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வாயால் சொல்லாதது பொய்யாகுமா என்று அதற்கப்புறம் எத்தனையோ நாள் தன்னோடு வழக்காடியிருக்கிறாள். ஒரு நாளும் ஜெயித்ததில்லை.

இரண்டு நாள் விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைத்ததும் அம்மா ஒரு சனிக்கிழமை காலை மகளைப் பார்க்க வந்தாள். அன்று வீடு துடைக்கும் அக்கா வரும் நாள். மகள் குளித்துவிட்டு வருவதற்குள் சமையலறையில் இருவருக்கும் பல வருஷப் பழக்கம் போல ஆகியிருந்தது. உள்ளங்கைகளை நீட்டி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கும் இதே இடத்துல வெடிச்சிருக்கே அக்கா!"

"லோஷன்ல கை வச்சா அப்படித்தான் தங்கச்சி. படுக்கும்போது எண்ணெய் தடவித் துணி சுத்திக்க. ரெண்டே நாள்ல கேக்கும்."

"நீங்க எந்த வீட்ல வேலை பாக்கறீங்க?"

"வீடு இல்லம்மா. ஆஸ்பத்திரியில கழுவற வேலை."

பக்கத்து அறையில் சட்டாம்பிள்ளை இருந்தாள். மகள் நடந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

பதினோரு மணிக்கு அக்கா வேலை முடித்துப் போனாள். தோழிகள் இருவரும் வெளியே கிளம்பினார்கள். மகள் கடைக்குப் போய் வந்தபோது சமையலறை முழுக்க நீராவி. ஜன்னலில் மூன்று கண்ணாடி டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிரஷ். அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"உங்க பிரஷ் டம்ளரோட அடியைப் பாத்திருக்கியா? கறுப்பா, வழவழன்னு. மூணு பிரஷ்ஷும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அங்கேர்ந்து ஒரு முழத்துல கக்கூஸ். இந்த வருஷம் உனக்கு மூணாவது தடவை தொண்டை வலி. ஏன் வராது?"

மகள் மூன்றாவது டம்ளரைப் பார்த்தாள். தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, இது சட்டாம்பிள்ளையோட பேட்டரி பிரஷ்மா!"

"அப்படின்னா?"

"உள்ள மோட்டார் இருக்கும்மா. கைப்பிடியோடவா போட்ட?"

"பல் தேய்க்க எதுக்குடி மோட்டாரு? கொதிக்கற தண்ணியில ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான். கைப்பிடியில்தானே அழுக்கே இருந்துச்சு."

மகள் பொத்தானை அமுக்கினாள். சத்தமில்லை. அடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தது. அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு வரட்டும். தெரியாம செஞ்சுட்டேன் கண்ணு, மன்னிச்சுக்கோன்னு சொல்லிடறேன். அதுல என்ன?"

"நீ வாயே திறக்க வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

எந்த நர்ஸ் பேட்டரி பிரஷ்ஷை வேகவைப்பாள்? அந்த ஒரு கேள்விதான் மகள் மனதில் ஓடியது. மூன்று பிரஷ்களையும் எடுத்துப் போய்க் குளியலறை டம்ளரில் முன்பு போலவே ஒன்றாகச் செருகினாள். அம்மா கழுவிப் பளிச்சென்று வைத்திருந்த டம்ளர் அது.

சாயங்காலம் சட்டாம்பிள்ளை குளியலறையிலிருந்து வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது.

"என் பிரஷ்ஷை யார் தொட்டது? ஆன் ஆகவே மாட்டேங்குது. உள்ள தண்ணி!"

"நான் இல்லப்பா, எனக்கு என் பிரஷ் எதுன்னே சரியா தெரியாது" என்றாள் தூங்குமூஞ்சி.

சட்டாம்பிள்ளை மகள் பக்கம் திரும்பினாள். அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் சீராகக் கேட்டது.

"காலையில அக்கா வந்தாங்கல்ல?" என்றாள் மகள். "டம்ளரெல்லாம் கழுவி வச்சிருக்கு பாரு. அவங்கதான் தண்ணியில போட்டிருப்பாங்க."

கத்திச் சத்தம் நின்றது.

சட்டாம்பிள்ளை அப்போதே அக்காவுக்குப் போன் போட்டாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டாள்.

"நான் பாத்ரூம்ல தரையை மட்டும்தான் தொட்டேன் பாப்பா. சத்தியமா. பிரஷ்ஷை நான் எதுக்குத் தொடப் போறேன்?"

"டம்ளர் தானா சுத்தமாச்சா?"

"எனக்குத் தெரியாதும்மா. அங்க விருந்தாளியா வந்த அக்கா இருப்பாங்களே, அவங்களையே கேளுங்களேன். நான் போறவரைக்கும் அவங்க கூடத்தான் இருந்தேன். சொல்லுவாங்க."

அம்மா ஈரக் கையோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். சொல்ல வாய் திறந்தாள். மகள் அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலைகூட அசைக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அம்மாவின் வாய் மூடிக்கொண்டது.

"ஆன்ட்டி, நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள் சட்டாம்பிள்ளை.

அம்மா தரையைப் பார்த்தாள். "நான் கவனிக்கலம்மா" என்றாள்.

"சரிங்க பாப்பா" என்றாள் அக்கா கடைசியில். சட்டாம்பிள்ளை இனிமேல் வர வேண்டாம் என்று சொன்னாள். அதே கட்டிடத்தில் அக்கா துடைத்துவந்த இன்னும் இரண்டு வீடுகளுக்கும் அந்த வாரமே சேதி போனது.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அம்மா வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் சப்பைக்கட்டு கட்டினாள்: அக்காவுக்கு வேறு வீடு கிடைக்கும், சட்டாம்பிள்ளை கோபக்காரி, ஒரே வீட்டில் இருந்தாக வேண்டுமே.

"நீ பொய் சொன்னது உன் வயசு" என்றாள் அம்மா. "எனக்கு என்ன வயசு? என்னை நம்பித்தானே அவ, அக்காவைக் கேளுங்கன்னா? நீ போய் உள்ளதைச் சொல்லிடு. இல்லன்னா அவகிட்ட நான் தீராத கடன்காரி."

"சொல்றேன்மா."

வாரம் ஒருமுறை போன் வரும். தொண்டை எப்படி இருக்கு, சாப்பிட்டியா, அப்புறம்: "சொல்லிட்டியா?" இன்னும் இல்லை, நாளைக்கு, அவளுக்கு வேலை நெருக்கடி, அடுத்த வாரம். ஆறாவது வாரம் மகள் வாய் கூசாமல் சொன்னாள்: "எல்லாம் சொல்லிட்டேன். அக்காகிட்டயும் பேசிட்டேன்."

"என்ன சொன்னா?"

"பரவாயில்லன்னு சொன்னாங்க."



"அப்படிச் சொல்லியிருக்க மாட்டாளே" என்றாள் அம்மா. "அவ இடத்துல இருந்தா நான் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டதுதான் மகளைக் கூனிக் குறுக வைத்தது. அடுத்த வருஷ மழைக்காலத்தில் அம்மா ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

வேலையிடத்தில் துணிமணி வைக்க அம்மாவுக்குக் கொடுத்திருந்த பெட்டியின் சாவியை ஒப்படைக்க மகள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். படிக்கிற காலத்தில் ஒருமுறைகூட அந்த அடித்தளத்துக்கு அவள் இறங்கிப் பார்த்ததில்லை. சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு மேசைகள் காலியாக இருந்தன. அறைக்குப் பொறுப்பான பெரியவர் சாவியை வாங்கிக்கொண்டு தயங்கினார்.

"உங்கம்மா ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருந்தாங்கம்மா. இங்க இடம் எப்ப காலியாகும், எப்ப காலியாகும்னு மாசாமாசம் என்னை நச்சரிப்பாங்க. போன மாசம் ஒருத்தர் ரிட்டயர் ஆனார். அடுத்த வாரமே இவங்க படுத்துட்டாங்க. இப்ப ரெண்டு இடம் காலி."

"யாரைக் கூட்டிட்டு வர்றேன்னாங்க?"

"வீடு துடைக்கற பொண்ணாம். நான் வாயை மூடிக்கிட்டதால அவ பொழப்பு போச்சு, அதை நான் தீர்க்கணும்னு சொல்லுவாங்க. எந்த வீடு, என்ன விஷயம்னு கேட்டா வேற பேச்சுக்குத் தாவிடுவாங்க. உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்" என்றாள் மகள்.

"அப்ப இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பி வை. அதுக்கு மேல என்னால இழுத்துப் பிடிக்க முடியாது."

எண் கிடைப்பதில் ஒரு சிரமமும் இல்லை. சட்டாம்பிள்ளை ஃபிரிட்ஜில் ஒட்டிய பழைய பட்டியல் ஒன்றைப் படம் பிடித்து வைத்திருந்தாள், அதில் அக்காவின் எண் இருந்தது. நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் அக்கா. ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை ஒன்று இருக்கிறது, கழுவும் வேலை, போய்ப் பாருங்கள் என்று மகள் மளமளவென்று சொன்னாள்.

"நல்லா இருப்பீங்க" என்றாள் அக்கா. "நீங்க யாரு பேசறது? என்னைப் பத்தி யார் சொன்னாங்க?"

அம்மா பெயரைச் சொன்னால் அந்தச் சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும். அம்மா ஏன் பேசாமல் நின்றாள் என்பதையும் சொல்ல வேண்டும். மகள் வாயைத் திறந்தாள்.

"ஹலோ? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லலையே... ஹலோ?"

மகள் போனை வைத்தாள். மறுபடி கூப்பிடலாம் என்றுதான் வைத்தாள். மாதக் கடைசியில் அந்த இரண்டு மேசைகளுக்கும் வேறு இரண்டு பேர் வந்தார்கள்.