மணிக்கு எழுபது காலர்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் காலர் அக்கா என்றுதான் பேர். பதினாறு வருஷமாக மூன்றாவது லைனில் உட்கார்ந்து காலர் மட்டுமே தைத்தவள். ஒரு முழுச் சட்டையை அவள் தைத்ததே இல்லை. கடல் கடந்த ஊர்களில் எத்தனை லட்சம் பேர் கழுத்தில் அவள் தையல் உட்கார்ந்திருக்கிறதோ, ஒருத்தராவது யார் தைத்தது என்று கேட்டிருப்பார்களா?

நன்றி கெட்டவள் இல்லை அவள். கம்பெனி வந்த பிறகுதான் கையில் சொந்தச் சம்பளம், தலைக்கு மேல் ஒழுகாத கூரை. தங்கச்சியையும் கூட்டிவந்து பக்கத்து மெஷினில் சேர்த்துவிட்டாள். உலகமே நம் வாசலுக்கு வந்துவிட்டது என்று அப்போது சொல்லாத வாய் இல்லை. வந்த உலகம் கையில் ஸ்டாப் வாட்சோடு வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

போன வருஷம் ஒருவன் அந்த வாட்சோடு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். வாட்ச் வந்தால் கை மெதுவாகிவிட வேண்டும் என்பது லைனில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நூல் அறும், பாபின் தீரும், ஊசி மாற்ற வேண்டிவரும். அவளுக்கும் தெரியும். ஆனால் கூடவே மேனேஜரும் வெளிநாட்டு ஆட்களும் நின்றார்களே! பாழாய்ப்போன ரோஷம். தலை நிமிராமல் ஒரு மணி நேரத்தில் எழுபது காலர் தைத்துத் தள்ளினாள். கைதட்டினார்கள். அதுவரை டார்கெட் நாற்பது. மறுநாள் போர்டில் எழுபது என்று எழுதிவிட்டார்கள், எல்லோருக்கும்.

தங்கச்சி நாற்பத்தைந்தைத் தாண்டியதே இல்லை. தண்ணீர் குடிப்பதை விட்டாள், கழிவறைக்குப் போவதை அடக்கிப் பார்த்தாள். ஒருநாள் அவசரத்தில் ஊசி நகத்துக்குள் இறங்கியது. வேலையை விட்டு நிறுத்தியவர்களில் முதல் பேர் அவளுடையது.

"அன்னிக்கு ஒருநாள் உன் கை சும்மா இருந்திருக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் ஒரே வீட்டில் இருந்தும், சாப்பிட்டாயா என்பதற்கு மேல் பேச்சில்லை.

இப்போது கம்பெனியே கிளம்புகிறது. இதைவிட மலிவாகத் தைத்துக் கொடுக்க வேறொரு நாடு கிடைத்துவிட்டதாம். மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"வாங்கக்கா" என்றார். காரியம் ஆகவேண்டும் என்றால்தான் அவர் வாயில் அக்கா வரும். "அங்க புதுப் பொண்ணுங்களுக்குக் காட்ட ஒரு வீடியோ வேணும். உங்க கை மட்டும் தெரிஞ்சா போதும். ஒரு மணி நேரம், அதே ஸ்பீடு. மத்தவங்களுக்கு இந்த மாசத்தோட முடியுது. உங்களுக்கு மட்டும் இங்கயே இருக்கப்போற சாம்பிள் செக்‌ஷன்ல ஒரு வேலை இருக்கு."

"அந்தப் பொண்ணுங்களுக்கும் எழுபதுதானா சார்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

கை வேண்டுமாம், கைக்குச் சொந்தக்காரி வேண்டாமாம். ஒரு தங்கச்சி வயிற்றில் அடித்தது போதாதென்று, முகம் தெரியாத எத்தனையோ தங்கச்சிகள் வயிற்றில் அடிக்க அதே கையைக் கேட்கிறார்கள்!

"எடுங்க சார்" என்றாள்.

கேமரா ஓடியது. ஒரு காலரை வைத்தாள், தைத்தாள், நிதானமாகத் திருப்பிப் பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். முதுகை நிமிர்த்தினாள். கழிவறைக்கும் ஒருதரம் போய்வந்தாள். மணி முடிந்தபோது மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன, விளையாடுறீங்களா? அந்த வேலை உங்களுக்குக் கிடையாது!"

"தெரியும் சார். ஆனா ஒரு மனுஷியால தெனமும் முடியுறது இவ்வளவுதான். போர்டுல இத எழுதுங்க."

எழுதமாட்டார்கள். வேறு ஒரு கை கிடைக்காமலா போகும்? கிடைக்கும். ஆனால் அது இந்தக் கையாக இருக்காது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே தங்கச்சியிடம் நடந்ததையெல்லாம் கொட்டினாள். அவள் நகம் கோணிப்போன விரலைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொத்தம் எத்தனைக்கா வந்துச்சு?"

"நாப்பத்தி நாலுடி."

தங்கச்சி அவள் முகத்தையே பார்த்தாள்.

"என்னைவிட ஒண்ணு கம்மி."