அத்தையின் அரபுக் கொப்பி

கத்தரிக்கோலால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. துணி சர்ரென்று கிழிகிற அந்தச் சத்தம் கேட்டால் போதும், எனக்குப் பத்து வயதாகிவிடும். போன வாரமும் அப்படித்தான் ஆனது. மகளுக்கு யூனிஃபோர்ம் துணி எடுக்கப் போயிருந்தேன். இளையவர்கள் ஏன் பிறமொழி ஒன்று படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம், என்ன எழுதலாம் என்று கடையில் நின்றபடியே கேட்டாள். வேலை கிடைக்கும், உலகம் விரியும் என்று எழுது என்று சொல்லத் தொடங்கினேன். கடைக்காரர் துணியைக் கிழித்தார். சொல்ல வந்தது அங்கேயே நின்றுபோனது.

தெஹியோவிட்ட கடைத்தெருவில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளியின் புடவைக்கடை. பக்கத்தில் என் அத்தை, எத்தனை தரம் கழுவினாலும் இறப்பர் பால் வாசம் போகாத கைகளோடு. அப்பாவின் தங்கை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனவள். அன்று அவள் கடைக்கு வந்தது துணி எடுக்க அல்ல, அரபு படிக்க.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் மூன்று வாரம். போவதற்கு அவள் பயப்படவில்லை, வாயில்லாமல் போவதற்குத்தான் பயந்தாள். தோட்டத்து மேல் லயத்து வரிசைவீட்டு அக்கா ஒருத்தி முந்திய வருஷம் அப்படித்தான் போனாள். அவளுக்குத் தெரிந்த ஒரே அரபுச் சொல் ‘ஐவா’. ஆமாம் என்று அர்த்தம். தண்ணீர் கொண்டு வா என்றாலும் ஐவா. சங்கிலியைக் காணோம், நீதான் எடுத்தாயா என்றாலும் ஐவா. ஏழாம் மாதம், முழங்கை வரை சுட்ட தழும்போடு திரும்பி வந்தாள்.

அப்பா சிரித்தார். “தமிழ்ல கையெழுத்துப் போடவே இவளுக்கு அர மணித்தியாலம் வேணும். அரபி படிக்கப் போறாளாம்.”

“மேல் லயத்துப் புள்ள தமிழ்லயாண்ணே சூடு வாங்குனா?”

அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆகவே நானா. முஸ்லிம் என்றால் அரபு தெரியும் என்பதில் எங்கள் லயத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கடையைத் தாண்டிப் போகும்போது அவர் உள்ளே ஓதுவது கேட்கும், இனிமையான குரல். எழுதிக்கொள்ள நானும் என் கொப்பியும்.

நானா முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் வினையாயிற்று. முதல் நாள் ஆட்கள் கூட்டம் என்றார். இரண்டாம் நாள் சரக்கு வருகிறது என்றார். மூன்றாம் நாள் அத்தை நகரவில்லை.

“சோத்துக்கு என்னா சொல்றதுங்க நானா?”

அவர் தொப்பியைச் சரிசெய்தார். கண்ணை மூடினார். அழகாக, நீளமாக ஒன்றை ஓதினார். என் பென்சில் அப்படியே நின்றது.

“இதுல சோறு எங்கனங்க வருது?”

நானா கண்ணைத் திறந்தார். “தங்கச்சி, எனக்கு ஓத ஏலும். பேச ஏலாது.”

எனக்குத் தலை சுற்றியது. ஓதத் தெரிந்த நானாவுக்குப் பேச வராது. சிங்களத்தைத் தண்ணீர்போலப் பேசும் அத்தைக்கு பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்க வராது. நானோ இங்கிலீஷ் பாடம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பிப்பவள், ஆனால் தோட்டத்தை நடத்தும் துரை ஒருநாள் இங்கிலீஷில் பெயர் என்னவென்று கேட்டதும் ஓடிப்போய்க் கொய்யா மரத்துக்குப் பின்னால் ஒளிந்தவள். அப்படியானால் ஒரு மொழி தெரியும் என்பது எது? அது உடம்பில் எங்கே இருக்கிறது, நாக்கிலா, கண்ணிலா, ஓடாமல் நிற்கிற காலிலா?

அப்போது கடையின் பின்திரை விலகியது. நானாவின் மனைவி. “நான் செல்லித் தாரேன்” என்றார். நானாவின் முகம் சுருங்கிப்போனது. கல்யாணத்துக்கு முன் அவர் மனைவி நான்கு வருஷம் குவைத்தில் ஒரு வீட்டு அடுப்படியில் நின்றவர் என்பதும், கடைத்தெருவில் அது யாருக்கும் தெரியவேண்டாம் என்று நானா நினைத்திருந்ததும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு அத்தை தினமும் ஓடுவாள், நான் பின்னாலேயே. திரைக்குப் பின்னால், துணிக்கட்டுகளுக்கு நடுவே பாடம். தண்ணீர், சோறு, சுடுகிறது, வலிக்கிறது. ‘லா’ என்றால் இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டு நாள் சொல்ல வைத்தார். “இது காணாது புள்ள. நெஞ்சால செல்லு.”

பிறகு நடிப்பு. அவர் எஜமானி, அத்தை வேலைக்காரி. துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து, குரலை மாற்றி, விரலை நீட்டி ஏசுவார். அத்தை பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் ஏச்சு நீண்டது. அதில் ஒரு சொல்கூட என் கொப்பியில் இல்லை. அவர் வீசிய அளவுகோல் சுவரில் போய் விழுந்தது. “லா, லா” என்று அத்தை அழுகிற குரலில் சொன்னாள், அவர் நிறுத்தவில்லை. நானா திரையை விலக்கி வந்து, “போதும், போதும்” என்று மனைவியின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். நானா நீட்டிய செம்புத் தண்ணீரை மனைவி ஒரே மூச்சில் குடித்தார்.

“அத்த மேல கோவமாங்க?” என்று கேட்டேன்.

“இல்ல மகள். இப்ப பேசினது நானில்ல.”

வேறு யார் என்று நான் துணிக்கட்டுகளின் பின்னாலெல்லாம் பார்த்தேன்.

அத்தை ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள், கையில் தழும்பு எதுவும் இல்லாமல். அங்கே நடந்ததை மட்டும் இன்றுவரை அவள் எந்த மொழியிலும் சொன்னதில்லை.

அவள் புறப்பட்ட காலை நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்துப் பாதையில் இறங்கும்போதே கொப்பி முழுவதையும் ஒப்பித்துக்கொண்டு வந்தாள். ஒரு பிழையில்லை. “எறங்குன ஒடனே பேசிக் காட்டுறேன் பாருடி. அந்த மேடம் வாயப் பொளக்கணும்!” எனக்கும் பெருமை தாங்கவில்லை. எழுதியது நான் அல்லவா.

அவிசாவளை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நானாவின் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக வந்தார். தெருவில் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானாவும் வந்திருந்தார், குடையைப் பிடித்தபடி கொஞ்சம் தள்ளி நின்றார், எல்லோரும் பார்க்கத்தான். அவர் மனைவி ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் வாய் நோகப் பேசப் பழக்கியவர், என் கொப்பி முழுவதையும் வீணாக்குவதுபோல ஒன்றைச் சொன்னார். அத்தை ஏன் சிரிப்பை நிறுத்தினாள், ஏன் பெரிய மனுஷிபோலத் தலையாட்டினாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. பஸ் நகர்ந்தது. அதையே மறுபடி சொல்லிக்கொண்டு அவரும் கூடவே இரண்டு எட்டு நடந்தார்.

“ஒனக்கு பேச ஏலும்னு அங்க யாருக்கும் காட்டிக்க வாணாம் புள்ள. ஒண்டும் வெளங்காதவ மாதிரி இரி, எல்லாத்தையும் கேட்டுக்க. பேச வேண்டிய நாள் ஒண்டு வரும். அண்டைக்கு மட்டும் வாயத் தொற.”