அழிச்சு மாத்தி வைக்கணும்

என் வீட்டுக்காரருக்கு மலையாளம் தெரியாது. அது பெரிய குறை ஒன்றும் இல்லை. திருநெல்வேலியை விட்டுக் கழக்கூட்டத்தில் மகளின் ஃப்ளாட்டுக்குக் குடிவந்த பிறகு, தெரியாத மொழிக்காரர்களிடம் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பேச வேண்டுமோ அவ்வளவு ஜாக்கிரதையாகத்தான் பேசினார். பால்காரர் ஏதாவது சொன்னால் திருப்பிக் கேட்பார். வாட்ச்மேன் ஏதாவது சொன்னால் என் முகத்தைப் பார்ப்பார். அவர்களிடம் ஒரு தப்பும் வரவில்லை. தப்பு வந்தது தமிழ் பேசுகிற என் அக்காவிடம்.

நானும் அக்காவும் பாறசாலைப் பக்கம் பிறந்தவர்கள். என்னைத் திருநெல்வேலியிலும் அவளை விதுராவிலும் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் வீட்டிலும் தமிழ்தான். ஆனால் சந்தை, சபை, அக்கம்பக்கம் எல்லாம் மலையாளம். இத்தனை வருடத்தில் அக்காவின் தமிழில் மலையாளம் உப்பு மாதிரிக் கரைந்துபோய்விட்டது. எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்ட முடியாது. அவளிடமே சொன்னால் சண்டைக்கு வருவாள். "நான் பேசுதது நல்ல தமிழாக்கும்" என்பாள்.

அவள் வீடு விதுரா சந்தையிலிருந்து பொன்முடி போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் போய், அப்புறம் மேலே ஏற வேண்டும். ஆட்டோ கீழே சிலுவை வைத்த குருசடி வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் கல்லும் செம்மண்ணும், மழை வெட்டிய பள்ளமும். அதில் ஏறுகிற ஒரே வண்டி அத்தானின் பழைய ஜீப். அத்தான் அக்காவுக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். அவர் காலமான பிறகும் ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே ஓட்டிப் போவாள். பிறகு பிரேக் போனது, அப்புறம் எஞ்சினும் மக்கர் செய்தது. ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடினாள். கோழிகள் அதற்குள் முட்டையிட ஆரம்பித்தன.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது பக்கத்து வீட்டு ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் குருசடி வரை தூக்கி வந்தார்கள். பெங்களூரில் இருக்கிற அவள் மகனுக்கு விஷயம் போனது. அவன் பயந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மாவை நாற்காலியில் தூக்கி வந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். "ஓணத்துக்கு வருவேன். அதுக்குள்ள ஜீப்பு ஓடி, ஆர்.டி.ஓ. டெஸ்டும் பாஸாயிட்டா நீ இங்கேயே இரு. இல்லன்னா என்கூட வந்துரணும்" என்றான். அக்கா சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு துணிமணியெல்லாம் பெட்டியில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"ஓணத்துக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு. இப்பவே ஏன் கட்டினே?" என்று, அவளைப் பார்க்க நாங்கள் போயிருந்தபோது கேட்டேன்.

"கண்டு கண்டு மனசு பழகிக்கிடும் அல்லே" என்றாள்.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத்தான் காட்டினேன். வழக்கம்போல.

என் வீட்டுக்காரர் அதுவரை தார்ப்பாயைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆனால் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தால்தான் மனுஷன் மனுஷனாக இருப்பார். ஃப்ளாட்டில் மிக்ஸி, ஃபேன், மகளின் ஹேர் டிரையர் என்று கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி மாட்டிவிட்டு, அடுத்து எதைக் கழற்றுவது என்று தெரியாமல் இருந்தார். "மதினி, நான் பாக்கட்டுமா?" என்றார். விதுரா மெக்கானிக் மேலே ஏறி வர மாட்டேன் என்று சொல்லியிருந்ததால், அக்காவுக்கும் வேறு வழி இல்லை.

அதன் பிறகு வாரக் கடைசி எல்லாம் எங்களுக்கு விதுரா பஸ்தான். அவர் மடியில் டூல்ஸ் பெட்டி, என் மடியில் சாப்பாட்டுத் தூக்கு. பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. ரெண்டு மூன்று ஸ்பானர், ஒரு சுத்தியல், கம்பி பிரஷ், உப்புத்தாள். ஸ்பானருக்குப் பிடி போதாதபோது பழைய தண்ணிக் குழாய்த் துண்டை அதன் வாலில் செருகிக்கொண்டு தொங்குவார். பெட்ரோல் டேங்க் உள்ளே துரு செதில் செதிலாக இருந்தது. அதைக் கழற்றி, உள்ளே கைப்பிடி சரளைக்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நானும் அவரும் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினோம். என் பிள்ளையைக் கூட அவர் அப்படி ஆட்டியதில்லை. சொன்னேன். காதில் விழாத மாதிரி இருந்தார்.

ஒரு காலையெல்லாம் இடப்பக்கச் சக்கரத்து நட்டோடு மல்லுக்கட்டினார். குழாய் மேல் ஏறி நின்றும் அது அசையவில்லை. அக்கா கட்டன் சாயா கொண்டுவந்தவள் சிரித்துவிட்டாள். "அந்தச் சைடு தலைதிருப்பாக்கும், தம்பி. முறுக்கினாத்தான் இளகும்." அந்தக் காலத்து ஜீப்பில் இடப்பக்க நட்டுகளுக்கு மரை எதிர்ப்பக்கமாம். டயர் மாற்றி மாற்றி அவளுக்குப் பழக்கம். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து மதினி சொன்னால் அவருக்கு அது சொன்னபடிதான்.

கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, கேஸ்கட் அட்டையை அதன் வாய் மேலே வைத்து விளிம்பில் சுத்தியலால் தட்டித் தட்டியே வெட்டி எடுத்தார். பிரேக்குக்கு வேண்டிய ரப்பர் கப்பெல்லாம் நெடுமங்காட்டில் தேடி வாங்கினோம். ஒரு சனிக்கிழமை எஞ்சின் ரெண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கோழிகள் பறந்தன. அக்கா பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு, வண்டி நடுங்குகிற வரைக்கும் எடுக்கவே இல்லை. பெட்டியைக் கட்டிய நாளிலிருந்து அவள் முகத்தில் காணாமல் போயிருந்த வெளிச்சம் அன்று திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

மீதி இருந்தது பெயின்ட் மட்டும். அடுத்த வாரம் டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்திருக்கிறது. வெளியே வந்து பார்த்தால், அவர் ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். பெயின்ட் டப்பா திறக்காமல் கிடந்தது.

"என்ன, அதுக்குள்ள கிளம்பியாச்சு?"

"கை வலிக்கு. போவோம்."

பஸ்ஸில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்தும் இல்லை. செவ்வாய்க்கிழமை அக்கா ஃபோன் பண்ணினாள். "தம்பிக்கு மடுத்துப் போச்சு போலிருக்கு, மோளே. பாவம், எத்தனை நாள்தான் செய்யும்? நீ ஒண்ணும் கேக்காதே. நான் மகன்கூடப் போய்க்கிடுதேன். பெட்டியில கொஞ்சம் இடம் இருந்தது. ஆராதனைக்குக் கட்டுத வெள்ளச் சேலையும் வச்சுக் கட்டிட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோனை வைத்துவிட்டு நேரே பால்கனிக்குப் போனேன். பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிக்கவில்லை என்பது அதைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"முழுக்கிணறு தாண்டிட்டு விளிம்புல வந்து கையை விட்டா எப்படி? முடியாதுன்னா முதல்லயே சொல்லியிருக்கணும். அவ அங்க பெட்டிய இறுக்கிக்கிட்டிருக்கா."

அவர் பேப்பரை மடித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். மகள் ஆபீசில் இருக்கிறாள், வீட்டில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. ஆனாலும் சாத்தினேன்.

"உங்க அக்கா என்ன சொன்னாவ தெரியுமா? 'பெயின்ட் அடிக்கதுக்கு முந்தி அந்த ஷாஸி நம்பர் தகடு அழிச்சு மாத்தி வைக்கணும், கேட்டோ'ன்னாவ. சாயா கொண்டாறேன்னு சொல்லுத மாதிரி சொன்னாவ. நான் முப்பது மார்க்க முப்பத்தொண்ணுன்னு திருத்துனவன் இல்லட்டி. நம்பர அழிச்சு வேற நம்பர் மாத்தச் சொல்லுதாவ! அந்த வண்டி யார் வண்டியோ? உங்க அத்தான் எங்க வாங்குனாவளோ?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்கப் போனார்.

"அழிக்கதுன்னா மலையாளத்துல அவிழ்க்கது, கழட்டுதது" என்றேன், மூச்சு வந்ததும். "மாத்தி வைக்கதுன்னா ஒதுக்கி வைக்கது. பெயின்ட் பட்டு நம்பர் மூடிரக் கூடாதுன்னு, தகட்டக் கழட்டி ஒரு ஓரமா வைக்கச் சொல்லியிருக்கா."

தண்ணீர்ச் செம்போடு வந்தவர் அந்த ரெண்டு வார்த்தையையும் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாம்லா?"

"எப்படிக் கேக்க? உன் கூடப் பொறந்தவ. இப்படிச் சொன்னாவன்னு நான் சொன்னா, நாளைக்கு நீ அவ முகத்துல எப்படி முழிப்ப? அதான் வாயத் தொறக்கல."

என் சிரிப்பு அங்கே நின்றது. ரெண்டு நாளாக இந்த மனுஷன், என் அக்கா ஒரு களவுக்கு உடந்தை என்று நம்பிக்கொண்டு, அதை என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்திருக்கிறார். என் அக்கா பேர் என்னிடம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. கோபப்பட வந்தவள் நான். அவர் கையிலிருந்த செம்பை வாங்கி, தண்ணீரை நானே குடித்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மதினியிடம் சொல்லிவிடாதே என்று அவர் கெஞ்சினார். சொல்லாமல் இருக்க என்னால் முடியுமா? மறுநாளே விதுரா பஸ் ஏறினோம், அவர் ஷெட்டுக்குள் போனதும் முதல் வேலையாக அக்காவிடம் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. ஷெட்டில் ஜீப்புக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த அவர் கால்களையே பார்த்தாள்.

"என்னக் கள்ளின்னு நினைச்சாரா?"

"அக்கா, அவருக்கு மொழி..."

"கள்ளின்னு நினைச்சும் ஒருத்தர்கிட்டயும் பறையல்லையே, மோளே. எங்கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருந்தா இப்படி இருப்பானா?" என்றவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவருக்கு அப்பம் சுடப் போனாள்.

தகடு கழற்றப்பட்டது. அதைத் துணியில் சுற்றி, சமையலறை அலமாரியில் ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய பச்சை நிறத்திலேயே பெயின்ட் அடித்தார். காய்ந்ததும் தகட்டைத் திருப்பி மாட்டினார். டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் அதன் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். நம்பர் ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கை ஒரு தரம் பார்த்துவிட்டு, லைட்டைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஓணத்துக்கு மகன் வந்தான். அவனை விதுரா பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்தது அக்காதான். நானும் என் வீட்டுக்காரரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். குருசடியில் கியர் மாறுகிற சத்தம். பள்ளத்தில் ஒரு உறுமல். நடுவில் கொஞ்சம் நின்றது. எனக்கு உயிர் போய்விட்டது. மறுபடி ஏறியது. ஜீப் வாசலுக்கு வந்து நின்றபோது, கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த கையை மகன் மெதுவாக விட்டான். அம்மாவைப் பார்த்தான். இறங்கி உள்ளே வந்தான். கதவுப் பக்கத்தில் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்து நின்றான்.

அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள். போகணுமா, இருக்கலாமா என்று அவன் சொல்லட்டும் என்று பார்த்தாள்.

என் வீட்டுக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மதினி, இனிமே அந்தக் கயிற அழிச்சு, பெட்டிய மாத்தி வைக்கணும், கேட்டோ."

அக்கா குனிந்து முடிச்சைப் பிடித்தாள். சேலையை வைத்துத் திரும்பவும் இறுக்கிக் கட்டியதில் அது அவள் விரலுக்கு அசையவில்லை. மகன் பக்கத்தில் மண்டியிட்டான். அவள் கையை ஒதுக்கிவிட்டு, பல்லால் கடித்து இழுத்து அவனே அவிழ்த்தான்.